ஏழாவது கட்டம்

பேரேட்டில் ஆறு கட்டம் போட்டிருந்தேன்.
தேதி. நிறம். எந்தத் தெரு. என்ன காயம்.
யார் கொண்டுவந்தது. எப்போது போனது.
போனது என்பதற்கு இரண்டு பொருள் உண்டு;
எது என்று மையின் நிறம் சொல்லும்.

தன்லின் பாலம் தாண்டி,
பழைய அரிசி ஆலைக்குப் பின்னால் தகரக் கூரை.
நாய்கள் நூற்றுப் பதினொன்று.
பூனைகளை எண்ணி முடித்தவர் இல்லை.
எண்ணும்போதே ஒன்று ஜன்னல்வழி இறங்கி
கதவுவழி மறுபடி வரும்.

விடிகாலை நாலரைக்கு சவரியாயி அக்கா அடுப்பு மூட்டுவாள்.
காளியம்மன் கோவிலில் ஓட்டை விழுந்து ஒதுக்கிய அண்டாவை
ஈயம் பற்றவைத்து வாங்கி வந்தோம்.
நொய்யரிசி, கோழித்தலை, பூசணி, ஒரு கை மஞ்சள்.
"அன்னதானத்து அண்டா, எத்தன பேர் வந்தாலும் பத்தும்" என்பாள்.
பத்தாது. மாசக் கடைசியில்
தண்ணீர்தான் பெருகும்.

கரண்டு நாலு மணி நேரம்.
தடுப்பூசி மருந்து தூங்குவது
மீன்காரர் ஊ தெய்னின் ஐஸ் பெட்டியில்,
நெத்திலிக்கும் இறாலுக்கும் நடுவே.
டாக்டர் நிலார் ஊசியோடு குனிந்தால்
பூனைகள் வலியை மறந்து அவள் கையை முகரும்.

ஆவணி மழையில், ஊரடங்குக்கு அரைமணி இருக்கும்போது
ஒரு பையன் வந்தான். பதினெட்டோ பத்தொன்பதோ.
கைலி தொடைவரை நனைந்திருந்தது.
கயிறில்லாமல் பின்னால் ஒரு செவலை நாய்.

எந்தத் தெரு என்றேன். சொல்லவில்லை.
என்ன காயம் என்றேன். இல்லை என்றான்.
காயமில்லாததை எடுப்பதில்லை தம்பி,
வீடுள்ளதையும் எடுப்பதில்லை,
எழுதி ஒட்டியிருக்கு பார்.
பார்த்தான்.
"பட்டியலில் என் பேர் வந்துவிட்டது" என்றான் பர்மியில்.
இப்போதெல்லாம்
அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

யார் கொண்டுவந்தது என்ற கட்டத்தில்
மழை என்று எழுதினேன்.

பேர் வைக்கவில்லையாம். சீட்டியடித்தால் வருமாம்.
இரண்டு நீளம், ஒரு குட்டை, கடைசியில் மேலே ஒரு தூக்கு.
அடித்துக் காட்டினான்.
எனக்குச் சீட்டி வராது.
முன்பல் இரண்டும் சின்ன வயதில்
சைக்கிள் கைப்பிடியில் போனவை.
காற்று மட்டும் வந்தது. அவன் சிரித்துவிட்டான்.
இருந்த அரைமணியில் கால்மணி
என் உதட்டுக்கே செலவாயிற்று.
பிறகு போனான்,
பாலத்துப் பக்கமில்லை, படித்துறைப் பக்கம்.

மூன்று நாள் அது சாப்பிடவில்லை.
அக்கா கருவாட்டைப் பொடித்துத் தூவினாள்.
நிலார் குளுக்கோஸ் ஏற்றினாள்.
லாரி ஓட்டும் கோ மின்
அதன் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தான்,
நன்றாகத் தூங்கியது அவன்தான்.
நான் அண்டா கழுவும்போதும் கணக்கெழுதும்போதும்
ஊதிக்கொண்டேயிருந்தேன்.
"கொதிக்காத கஞ்சிய ஏண்டி ஆத்துற?" என்றாள் அக்கா.

நாலாம் நாள் விடியலில்
நீளம் குட்டையாய், தூக்கு இருமலாய்,
என்னமோ வந்தது.
ஒரு காது நிமிர்ந்தது.
எழுந்தது, என்னைக் கடந்தது,
வாசல்வரை போய்ப் படித்துறையைப் பார்த்து நின்றது.
எவ்வளவு நேரமென்று எழுதிவைக்கவில்லை.
திரும்பி வந்து
கஞ்சியை நக்கியது.

இப்போது பேரேட்டில் ஏழாவது கட்டம் இழுத்திருக்கிறேன்:
எப்படிக் கூப்பிட வேண்டும்.
நூற்று நாற்பதாம் பக்கத்துக்கு மேல்
நிறைய வருகின்றன, காயமில்லாதவை.
சாவிக்கொத்தைக் குலுக்கு.
பைக் ஹாரன், இருமுறை.
சோறு என்று சொல், தமிழில்.
பேசாதே, பக்கத்தில் உட்கார்.

செவலைக்கு
இரண்டு கோடு, ஒரு புள்ளி, மேலே ஒரு வளைவு.
ஆறாவது கட்டம் காலி.